பின்சுவர் எருக்கு

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும், அரிவாள் பிடித்த கையாலேயே இந்தச் சுவரோரத்தின் உயிரைக் காத்துக் கொடுத்த துப்புரவு மேஸ்திரி அவர்களே! மருத்துவமனையின் பின்சுவர் ஓரத்தை இனி மொட்டையடிப்பதில்லை என்று முகம் மலர ஒப்புக்கொண்ட தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! முழங்கால் வலியையும் முதுகு வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையை முதலில் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! பாதி மனத்தை அடுப்பில் வைத்துவிட்டு மீதி மனத்தோடு இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! மதில்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களே! ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்க்கும் நோயாளிப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரனின் தாழ்மையான, இன்று ஒரு நாள் மட்டும் தாழ்ந்த குரலிலான வணக்கம்.

ஏன் தாழ்ந்த குரல் என்று கேட்பீர்கள். எனக்கு நீங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் இடி. மறைக்க வேண்டாம், என் காதிலும் விழுந்திருக்கிறது. மைக் இல்லாமலே அடுத்த தெருவில் அயர்ந்து தூங்குகிறவரை எழுப்பக்கூடிய தொண்டை இது. ஆனால் மேடை ஏறும்போது என் அண்ணி படிக்கட்டில் வழிமறித்தார். "தம்பி, இன்னைக்கு இடியும் வேணாம், மின்னலும் வேணாம். தூறலா பேசுங்க, போதும்" என்றார். மைக்செட்காரரிடமும் சொல்லிச் சத்தத்தைக் குறைக்க வைத்துவிட்டார். அண்ணி சொல்லைத் தட்டிவிட்டு நான் எந்த வீட்டில் போய்ச் சாப்பிடுவது?

காரணம் மேடையின் இடப்பக்கம் இருக்கிறது. பந்தலின் குறுக்குக் கம்பத்தில் ஒரு தொட்டில் தொங்குகிறதே, அதற்குள் எங்கள் வீட்டின் புது அதிகாரி உறங்குகிறார். என் அண்ணன் மகள் பெற்ற பெண் குழந்தை. இதே மருத்துவமனையில்தான் பிறந்தாள். ஆகவே இன்று யாரும் கைதட்டக் கூடாது. அதோ, யாரோ தட்டிவிட்டார்! ஐயா, உங்கள் அன்பை மடியில் முடிந்து வையுங்கள். கடைசியில் வாங்கிக்கொள்கிறேன்.

பெரியோர்களே, இன்று நாம் கூடியிருப்பது ஒரு செடிக்காக. ரோஜாவுக்கா? மல்லிகைக்கா? எருக்கஞ்செடிக்கு! சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஒருவனைச் சபிக்க நினைத்தால் "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்று சொல்லிப் பழகிய வாய் நமது வாய். அந்த எருக்கு முளைத்ததால் ஒரு வீடு எப்படிப் பிழைத்தது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். வேறு யார் வீடும் இல்லை, என் அண்ணன் வீடு.

அண்ணன் யார் என்று தெரியாதவர்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாருங்கள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இவன் எப்போது முடித்துத் தொலைப்பான் என்று என்னைப் பார்க்கிறாரே, அவரேதான். கயிறு திரிப்பவர். கிணற்றுக்குக் கயிறு, கட்டிலுக்குக் கயிறு, படகுக்குக் கயிறு என்று இந்த வட்டாரத்தையே கட்டிப் போட்டவர். கல்குவாரிக்கு மேலே, பாறை இடுக்கில் கத்தி கத்தியாக இலை நீட்டி மருள் செடி நிற்கும். அதன் இலையை அறுத்து வந்து, பலகையில் வைத்து, மழுங்கிய தகட்டால் வழித்தால் சதை போய் நார் நிற்கும். அந்த நாரைத் தொடைமேல் வைத்து, வலது உள்ளங்கையால் முழங்காலை நோக்கி ஓர் உருட்டு! நார் இழையாகும், இழை புரியாகும், புரி கயிறாகும். இலை அறுக்கும்போது நடுக்குருத்தைத் தொடவே மாட்டார். "ஓரத்து இலை நமக்கு, குருத்து செடிக்கு" என்பார்.

அப்படிப்பட்ட அண்ணனுக்கு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பெண் பார்த்தார்கள். அந்த வீட்டிலும் கயிறுதான் தொழில் என்று கேள்விப்பட்டதும் எங்கள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரில்ல இருக்கு" என்றார். கொஞ்ச நாளில் விழுந்தது. ஆனால் விழுந்தது பழமல்ல, வாளி. விழுந்த இடம் பாலல்ல, கிணறு!

நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணமான புதிது. வீட்டுக் கிணற்றுக்குப் புதுக் கயிறு வேண்டும். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே திரிக்கலாம் என்று ஆசையாக உட்கார்ந்தார்கள். அண்ணன் தன் மருள் நாரோடு ஒரு முனையிலிருந்து திரித்தார். அண்ணி தன் பிறந்த வீட்டு வழக்கப்படி எருக்கு நாரை எடுத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து திரித்தார். நடுவில் இருவரும் சந்தித்து, புரியோடு புரி கோத்து இணைத்தார்கள். பார்க்க எவ்வளவு அழகு! எங்கள் அம்மா பெருமையோடு வாளியைக் கட்டி இறக்கினார். தண்ணீர் நிறைந்தது. இழுத்தார். பாதிக் கிணறு ஏறி வரும்போது நடு இணைப்பு பம்பரமாகச் சுழன்றது. இரண்டு பக்கமும் ஒருசேரப் பிரிந்தன. தொபுக்கடீர்!

ஏன் பிரிந்தது? அக்கரை வழக்கம் வேறு. இங்கே முழங்காலை நோக்கி வெளியே உருட்டுவார்கள். அங்கே முழங்காலிலிருந்து தன்னை நோக்கி உள்ளே உருட்டுவார்கள். இது வலப்பக்க முறுக்கு என்றால் அது இடப்பக்க முறுக்கு. ஒரே பக்கம் முறுக்கிய இரண்டு கயிறுகளை இணைத்தால் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். எதிரெதிராக முறுக்கியதை இணைத்துப் பாரம் ஏற்றினால் ஒன்று மற்றதை அவிழ்த்துவிடும். இரண்டு வீட்டுக்கும் கயிறு தெரியும். இரண்டு வீட்டுக்கும் இது மட்டும் தெரியாது, ஏனென்றால் அதுவரை அக்கரை நாரை இக்கரை நாரோடு யாரும் இணைத்ததில்லை.

எங்கள் அம்மா கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, உங்க ஊர்ல கயிறு திரிக்கிறது தண்ணி இறைக்கவா, வாளியைக் குளிப்பாட்டவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். திசையை மாற்றி உருட்டிப் பழகிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து உள்ளே உருட்டிய கை, வெளியே உருட்டினால் வழுக்கியது. சரி என்று எழுந்துவிட்டார். அதன் பிறகு மருள் அறுக்கப் போவார், வழித்துக் கொடுப்பார், அலசிக் காய வைப்பார். திரிக்க மட்டும் உட்காரவில்லை. எருக்கைப் பற்றிய பேச்சையும் எடுக்கவில்லை.

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாராவது அண்ணியைத் தடுத்தார்களா? இல்லை. யாராவது திட்டினார்களா? இல்லை. எந்தச் செடியில் எப்போது நார் முற்றும், எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று அவர் தாய்வீட்டில் கற்றது அத்தனையும் ஒரு வாளியோடு சேர்ந்து கிணற்றில் போய்விட்டது. வாளியையாவது பாதாளக் கரண்டி போட்டு எடுத்தோம். காட்டில் நிற்கும் செடியின் அறிவு, காடு அழிந்தால்தான் போகும் என்று நினைக்கிறோம். வீட்டுக்குள் நாலு பேர் சிரித்த சிரிப்பிலும் போகும் ஐயா!

காலம் ஓடியது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். பிறகு ஒரு நாள் காலையில், திரித்துக்கொண்டிருந்த கயிறு தொடைமேல் இருக்க, அண்ணனுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். தலைமை மருத்துவர் அம்மா இருக்கும் மேடையிலேயே அதற்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன். ஆனால் வலது கை எழவில்லை. பேச்சும் குழறியது. குழறிப் பேசுவதைவிடப் பேசாமலே இருக்கலாம் என்று அண்ணன் வாயை மூடிக்கொண்டார். வார்டின் கடைசிக் கட்டிலில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான்.

கைப்பயிற்சி தர வந்த பெண் பிள்ளை பொறுமையாகப் பந்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. மகள் வந்து அழுதாள். திரும்பவில்லை. நான் போய்த் தன்னம்பிக்கையைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். வார்டே கைதட்டியது. அண்ணன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சாப்பாடும் வரவரக் குறைந்தது. "உடம்பு தேறிட்டு வருது, மனசு வரமாட்டேங்குதே" என்று அந்தப் பெண் பிள்ளை அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த முதுகு திரும்பி முகம் தெரிய வேண்டும்.

அண்ணி ஜன்னலோரம் நின்றார். கீழே பின்சுவர் ஓரம், நீங்கள் எல்லோரும் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த இடம் தெரிந்தது. உடைந்த பாட்டிலும் கிழிந்த பையும் குவிந்த குப்பைக்கு நடுவே, யாரும் நட்டு வைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல், ஆள் உயரத்துக்கு எருக்கு நின்றது. அண்ணி இறங்கிப் போனார். விரல் பருமனில் நேராக வளர்ந்த தண்டாகப் பார்த்து ஒடித்துக்கொண்டு வந்து ஜன்னல் திட்டில் அடுக்கினார்.

நர்ஸம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, இது ஆஸ்பத்திரியா, விறகுக் கடையா?"

"கோச்சுக்காதீங்கம்மா. பால் வத்துற வரைக்கும் வாடட்டும். கண்ணுல படாம நான் பாத்துக்கறேன். இதைத் தண்ணில ஊறப் போட்டா கெட்டுரும், அதான் இங்க வெச்சேன்."

அந்த நர்ஸம்மா முன்வரிசையில்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். நல்ல மனசு அம்மா உங்களுக்கு. அன்றைக்கு அந்தத் தண்டுகளைத் தூக்கி எறிந்திருந்தால் இன்று இந்த விழா இல்லை.

தண்டு வாடியது. அண்ணி பட்டையை உரித்தார். உள்ளிருந்து வெள்ளை வெளேரென்று, தொட்டால் பட்டுப் போல நார் வந்தது. கட்டிலின் அருகே முக்காலியில் உட்கார்ந்து, தொடைமேல் வைத்து, இத்தனை காலம் கழித்து முதன்முறையாக உருட்டினார். சர்ர்… சர்ர்… சேலைமேல் உள்ளங்கை உரசும் சத்தம். வேறு சத்தம் எதுவும் அண்ணனைத் திருப்பவில்லை, மகளின் அழுகையும் என் முழக்கமும் கூடத் திருப்பவில்லை. அந்தச் சத்தம் திருப்பியது! கயிற்றுக்காரனல்லவா! மெல்ல, முதுகு புரண்டது. முகம் தெரிந்தது. அண்ணியின் கையையே பார்த்தார். பார்த்தவர், வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னார். என்ன சொல்லியிருப்பார்? என் கண்ணே என்றா? என் உயிரே என்றா?

"த… தப்பு" என்றார்.

சிரியுங்கள், ஆனால் மெல்லச் சிரியுங்கள், குழந்தை! அண்ணி உள்ளே உருட்டுகிறார் அல்லவா, அது தப்பாம். பேச்சு போனாலும் தொழில்காரனின் திமிர் போகவில்லை. அண்ணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. குரலை மட்டும் கெட்டியாக வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச பக்கம் இதாங்க. சரியான பக்கம் எதுன்னு நீங்க உருட்டிக் காட்டுங்க" என்றார்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். இடது கையை நீட்டினார். அண்ணி நாரை அவருடைய இடது தொடையில் வைத்து, முனையைத் தானே பிடித்துக்கொண்டார். அவருடைய எழாத வலது கையைத் தூக்கி மிச்ச நார்மேல் வைத்தார், பறக்காமல் இருக்க. அந்தக் கைக்கும் ஒரு வேலை கிடைத்தது. அண்ணன் தன் வழக்கப்படியே முழங்காலை நோக்கி உருட்டினார். மருள் முரட்டு நார், இரண்டு கை கேட்கும். எருக்கோ மெல்லிய நார், ஒற்றை உள்ளங்கைக்கே சுருண்டு கொடுத்தது.

அண்ணி அந்த இழையைப் பார்த்தார். தன் இழையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டையும் நடுவில் இணைத்து, கட்டில் கம்பியில் கட்டி, தண்ணீர்ச் செம்பைத் தொங்கவிட்டார். இருவரும் நடு இணைப்பையே பார்த்தார்கள். அது சுழலவில்லை.

"என்னங்க… பிரியலைங்க!"

கண்ணாடி முன் நின்று கையை உருட்டிப் பாருங்கள், புரியும். வலது கை வெளியே உருட்டினால் ஒரு முறுக்கு. இடது கை அதேபோல் வெளியே உருட்டினால் எதிர் முறுக்கு. கை மாறியதும் அண்ணனின் முறுக்கு அண்ணியின் முறுக்காகிவிட்டது! கிணற்றடியில் பிரிந்த கயிறு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேர்ந்தது. அண்ணன் அன்று செம்பையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். கதையில் இன்னும் அரிவாள் வரவில்லை.

மறுநாள் அடுத்த பிடி தண்டுக்காக அண்ணி இறங்கி வந்தால், சுவரோரம் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் அரிவாளும் கடப்பாரையும். தலைவர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள், உங்களைப் புகழத்தான் போகிறேன்.

நம் மேஸ்திரி சொன்னார்: "தள்ளி நில்லுங்கம்மா. வேரோட எடுக்கச் சொல்லி உத்தரவு. களை மண்டிப் போய்ப் பாம்பு அடையுது."

அண்ணி தள்ளி நிற்கவில்லை. செடிக்கு முன்னால் வந்து நின்றார். "களை இல்லைங்கண்ணே. மேல அந்தக் கடைசி ஜன்னலைப் பாருங்க. அது என் வீட்டுக்காரர். இது அவரோட கை."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அண்ணன், பாதி திரித்த கயிற்றை இடது கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அரிவாள்கள் எல்லாம் அப்படியே நின்றன. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "உத்தரவு போட்டவங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" என்று கேட்டார்.

இங்கேதான் என் அண்ணி என் அண்ணி! அழுதாரா? காலில் விழுந்தாரா? இல்லை. "வெட்டத்தானே சொன்னாங்க? வெட்டுங்க. நான் சொல்ற மாதிரி வெட்டுங்க" என்றார்.

கிணற்றில் போனது அத்தனையும் மேலே வந்தது! "முழங்கால் உயரம் விட்டுச் சாய்ச்சு வெட்டுங்க, மழைத்தண்ணி நிக்காது. கிளை விடாத தண்டை மட்டும் எடுங்க. காய் இருக்கிறதை விட்ருங்க, வெடிச்சுப் பஞ்சு பறக்கட்டும், அப்பதான் அடுத்த செடி. பாலைக் கண்ணுல தொடாதீங்க. அடில இருக்கிற குப்பையை எடுத்துருங்க, பாம்பு தானாப் போயிரும்." அவர் சொல்லச் சொல்ல அவர்கள் வெட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் சுவரோரம் சுத்தமானது. உத்தரவும் நிறைவேறியது, செடியும் பிழைத்தது, அண்ணனுக்குக் கட்டுக் கட்டாக நாரும் கிடைத்தது. வெட்டிய இடத்திலிருந்து முன்னைவிட நேராகத் தளிர் விட்டது. வந்து பார்த்த தலைமை மருத்துவர் அம்மா, "சுத்தமாத்தானே இருக்கு, இருக்கட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்தார். இந்த ஊர் அரிவாள்களுக்கு இன்று எருக்கு தெரியும். அதைக் கொண்டாடத்தான் இந்தப் பந்தல்.

ஆகவே அன்பு நெஞ்சங்களே, வேலி போட்டால் மட்டும் செடி வாழாது. வெட்டத் தெரிந்தவன் இருந்தால்தான் வாழும். அந்த அறிவு எங்கே இருக்கிறது? வேறு கரையிலிருந்து நம் வீட்டுக்கு வந்தவரிடம் இருக்கிறது! மருமகளாக வந்தவளிடம், மருமகனாக வந்தவனிடம், பிழைப்பு தேடிப் பக்கத்து அறைக்கு வந்தவரிடம் இருக்கிறது! உங்கள் ஊரில் எந்தச் செடியில் நார் எடுத்தீர்கள் என்று கேட்டோமா? எந்தப் பக்கம் உருட்டினீர்கள் என்று கேட்டோமா? நம் கை விழும் நாளில் நமக்குக் கைகொடுக்கப் போவது எந்தக் களை என்று, ஒருநாள், ஒரே ஒருநாள், உட்கார்ந்து கேட்டோமா? கேட்டோமா? கேட்டோமா!

ஐயோ.

விழித்துவிட்டாள். மன்னியுங்கள், தூறல் இடியாகிவிட்டது. அண்ணி முறைக்கிறார். யாரும் எழ வேண்டாம், பொறுங்கள், அண்ணன் கை நீட்டிவிட்டார். இடது கை. தொட்டிலை இழுத்துவிடுகிறார் பாருங்கள்.

அந்தத் தொட்டில் கயிற்றைக் கவனியுங்கள். மேல்பாதி அண்ணன் திரித்தது. கீழ்ப்பாதி அண்ணி திரித்தது. இந்தப் பின்சுவர் எருக்கில் திரித்தது. நடுவில் இருக்கிறது இணைப்பு. வாளியை விழவிட்ட அதே இருவர், அதே மாதிரி ஓர் இணைப்பை நம்பி, பேத்தியை ஏற்றியிருக்கிறார்கள். குழந்தையைக் கிடத்துமுன் அண்ணி ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டு அண்ணனைப் பார்ப்பார். அண்ணன் தலையசைத்த பிறகுதான் குழந்தையை வைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் நுனிக்காலில் வெளியே நடந்துவிடுவேன். இடி என்று பெயர் வைத்தவர்கள் அப்போது வந்து பார்க்க வேண்டும்.

என்ன அண்ணே? ஏதோ சொல்கிறார்.

"தூ… தூங்கிட்டா. நீ உக்காருடா."

சரி அண்ணே, இதோ முடித்துவிட்டேன்.

பெரியோர்களே, மடியில் முடிந்து வைக்கச் சொன்னேனே, அதை இப்போது அவிழுங்கள். தட்ட வேண்டாம். உள்ளங்கையைத் தொடைமேல் வையுங்கள். மெல்ல உருட்டுங்கள். முழங்காலை நோக்கியும் உருட்டலாம், தன்னை நோக்கியும் உருட்டலாம், எந்தப் பக்கமானாலும் சரி. மதில்மேல் இருக்கும் தம்பிகளும் உருட்டுங்கள். தலைவரே, நீங்களும்தான்.

சர்ர்… சர்ர்… கேட்கிறதா? ஒரு வார்டில் ஒரே ஒரு கை எழுப்பிய சத்தம் அது. இன்று இத்தனை கைகள். குழந்தை அசையவில்லை. அண்ணன் மட்டும் திரும்பி உங்களைப் பார்க்கிறார்.

வந்தவர்களுக்கும், வளர்ந்த செடிக்கும், வெட்டத் தெரிந்த கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.